தண்ணீரை எடுத்துவிட்டோம்

1989 மே மாதம். கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வைக்கோல் போர்த் தீயை அணைத்துவிட்டு நிலையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் தண்ணீர் காலி. எங்கள் முகமெல்லாம் கரி. சாலையோரக் கிளுவை வேலியைத் தாண்டி ஒரு பெண் துண்டை வீசிக்கொண்டு வண்டிக்குக் குறுக்கே ஓடி வந்தார். "கெணத்துல பையன் உழுந்துட்டானுங்க" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

இப்படி நேர்வது மிக அபூர்வம். அந்தக் காலத்தில் கிணற்றில் ஆள் விழுந்தால் ஊர்க்காரர்கள் முதலில் தாங்களே இறங்கித் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் தொலைபேசி இருக்கும் வீட்டைத் தேடி ஒருவர் சைக்கிளில் போவார். தகவல் வந்து, மணியடித்து, பதினைந்து கிலோமீட்டர் போய்ச் சேர்ந்து, பாதாளக் கொலுசு போட்டுத் துழாவி நாங்கள் எடுப்பது பெரும்பாலும் உடலைத்தான். அன்று மட்டும் கிணற்றுக்கு முந்நூறு அடி தூரத்தில் இருந்தோம்.

எனக்கு அப்போது 27 வயது. தீயணைப்போனாகச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தேன். முதல் முங்கலில் சேறுதான் கையில் வந்தது. இரண்டாவது முங்கலில் தலைமுடி தட்டுப்பட்டது. ஒன்பது வயதுப் பையன். நாற்காலி முடிச்சுப் போட்டு அவனை மாட்டிவிட்டேன், மேலே இருந்தவர்கள் இழுத்துக்கொண்டார்கள். அவன் விழுந்ததிலிருந்து மேலே வந்தது வரை ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் கல்படியேறி வந்தபோது அவனைத் தொட்டி மேட்டில் கிடத்தியிருந்தார்கள். மார்பு ஒருமுறை விம்மித் தணிந்தது. வாய் ஒருமுறை திறந்து மூடியது. "மூச்சு இருக்குது!" என்று கத்தினேன். கூட்டத்துக்கு உயிர் வந்தது. "தண்ணிய எடுங்க சாமி, தலகீழாப் புடிச்சுச் சுத்துங்க" என்று நாலா பக்கமிருந்தும் குரல்கள். நான் அவன் கால்கள் இரண்டையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன். தோளில் கவிழ்த்துப் போட்டுக் குலுக்கினேன். பிறகு குப்புறக் கிடத்தி, வயிற்றுக்கடியில் கைகொடுத்து அமுக்கினேன். காலையில் குடித்த கம்மங்கூழும் கிணற்றுத் தண்ணீருமாக வெளியே வந்தது. "வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு" என்றார்கள். ஒரு கிழவி என் தலையைத் தொட்டுக் கும்பிட்டார்.

அரசு மருத்துவமனை பன்னிரண்டு கிலோமீட்டர். மணியை அடித்துக்கொண்டே வண்டி பறந்தது. பையன் என் மடியில் கிடந்தான். வழியெல்லாம் அவன் உள்ளங்கால்களைத் தேய்த்துக்கொண்டே போனேன்.

பணியில் இருந்த மருத்துவர் என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவராக இருப்பார். பையனின் கண்ணை விரித்து விளக்கடித்துப் பார்த்தார். மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "மூச்சு குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"தண்ணிய எடுத்துட்டோம் டாக்டர்" என்றேன்.

"தண்ணி வயித்துல இருந்துச்சுங்க. அவனுக்கு வேண்டியிருந்தது காத்து" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. போகும்போது திரும்பி நின்று, "பொழச்சிருப்பான்னு சொல்லமாட்டேன். ஒரு வாய்ப்பு இருந்துச்சு" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் பையனின் அப்பா நின்றிருந்தார். என் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால ஆனதையெல்லாம் பண்ணிப்போட்டீங்க சாமி. அவன் விதி அவ்வளவுதான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் என் பணிக்காலத்தில் நான் சொன்ன பெரிய பொய்.

துணிச்சலாகக் குதித்ததற்காக எனக்குப் பாராட்டுச் சான்று கொடுத்தார்கள். ஊர்த் தலைவர் நன்றிக் கடிதம் எழுதியிருந்தார். இரண்டையும் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். அதே பெட்டியில் இன்னொரு சான்றிதழும் இருந்தது. பணியில் சேர்ந்தபோது பயிற்சியில் வாங்கிய முதலுதவிச் சான்றிதழ். நீரில் மூழ்கியவருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

பிறகு ஏன் செய்யவில்லை? கூட்டத்தின் குரல் ஒரு காரணம். நானும் கிராமத்தில் பிறந்தவன். குளத்தில் மூழ்கியவனைத் தலைகீழாகச் சுற்றுவதையும், வண்டிச் சக்கரத்தின்மேல் கவிழ்த்துப் போடுவதையும், உப்பைக் கொட்டி அதன்மேல் படுக்க வைப்பதையும் சிறு வயதிலிருந்து பார்த்தும் கேட்டும் வளர்ந்தவன். எழுதிப் படித்தது மூளையில் இருந்தது. பார்த்து வளர்ந்தது கையில் இருந்தது. பதற்றத்தில் கைதான் முந்தியது.

இன்னொரு காரணமும் உண்டு. இதை என் மனைவியிடம்கூட வெகுகாலம் சொன்னதில்லை. அவன் வாயோரம் கூழும் சளியும் வழிந்துகொண்டிருந்தது. அந்த வாயில் என் வாயை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நொடி நினைத்தேன், அருவருப்பாக இருந்தது, அந்த நொடியில் "சுத்துங்க" என்று யாரோ சொன்னார்கள், நான் சுற்றினேன். ஐம்பதடிக் கிணற்றில் யோசிக்காமல் குதித்தவன், ஒரு குழந்தையின் வாயைத் துண்டால் துடைத்து ஊதத் தயங்கினேன்.

நீரில் மூழ்குபவருக்கு என்ன ஆகிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் எல்லா ஊர்க் கிணற்று மேட்டிலும் இதே "தண்ணிய எடுங்க" குரல்தான் கேட்கிறது. மூழ்குபவர் விழுங்கும் தண்ணீரில் பெரும்பகுதி வயிற்றுக்குப் போகிறது. நுரையீரலுக்குள் போவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதைக் குலுக்கி வெளியே கொண்டுவரவும் முடியாது. வயிற்றை அமுக்கினால் வயிற்றில் உள்ள சோறும் தண்ணீரும் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதாவது நாம் தண்ணீரை எடுக்கவில்லை, இல்லாத அடைப்பை உண்டாக்குகிறோம். உயிரைப் பறிப்பது ஆக்சிஜன் இல்லாமை. மூளை நான்கு முதல் ஆறு நிமிடம் ஆக்சிஜன் இல்லாமல் இருந்தாலே சேதமடையத் தொடங்கும். மாரடைப்பில் திடீரென்று விழுந்தவருடைய ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும், அவருக்கு மார்பை அழுத்துவது முதல் வேலை. மூழ்கியவருடைய ரத்தத்தில் மிச்சமிருக்காது. அவருக்கு முதலில் மூச்சு, உடனே மார்பழுத்தம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் மார்பை மட்டும் அழுத்துவதும் போதாது.

நான் "மூச்சு இருக்குது" என்று கத்தினேனே, அதுவும் மூச்சில்லை. இதயம் நிற்கும் தறுவாயில் உடல் செய்யும் கடைசி விம்மல் அது. பார்ப்பதற்கு மூச்சு விடுவதைப் போலவே இருக்கும். ஊதத் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இது நம் கிராமத்து அறியாமை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் மூழ்கியவர்களைப் பீப்பாய்மேல் கவிழ்த்து உருட்டினார்கள், குதிரைமேல் குறுக்கே போட்டு ஓட்டினார்கள். 1767-ல் ஆம்ஸ்டர்டாமில் மூழ்கியவர்களைக் காப்பாற்றவென்றே ஒரு சங்கம் தொடங்கியபோதுதான் அங்கே இதைப் பற்றி முறையாக யோசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் நிலையத்தில் இருந்த மூத்த முன்னணி தீயணைப்போருக்கு ஹோல்கர் நீல்சன் முறைதான் தெரியும். குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்திக் கைகளைத் தூக்குவது. வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேல் என்று பீட்டர் சாஃபர் போன்ற மருத்துவர்கள் 1950-களின் இறுதியில் நிறுவினார்கள். 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மார்பழுத்த முறை வெளியானது. அங்கிருந்து என் கைக்கு அது வந்து சேர இன்னும் 48 ஆண்டுகள் ஆயின.

2008-ல், எனக்கு 46 வயதில், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் நடத்திய மருத்துவ முதலுதவியாளர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாளே ஒரு பொம்மையை முன்னால் போட்டார்கள். உலகம் முழுவதும் பயிற்சிக்குப் பயன்படும் பொம்மை அது. நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960-ல் உருவாக்கியது. அந்த முகம் யாருடையது தெரியுமா என்று பயிற்சியாளர் கேட்டார். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் ஒரு பெயர் தெரியாத பெண்ணின் முகம் என்றார். லேர்டால் தன் சொந்த மகனையும் ஒருமுறை தண்ணீரில் மூழ்கிச் சாகவிருந்த நிலையில் தூக்கிக் காப்பாற்றியவர் என்றும் சொன்னார்.

மண்டியிட்டு உட்கார்ந்த எனக்குக் குனிய முடியவில்லை. பயிற்சியாளர் வயதில் என் மகனை ஒத்தவர். "என்னாச்சு ஐயா?" என்றார். கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு ஊதினேன். மார்பு எழவில்லை. தலையை இன்னும் சாய்க்க வேண்டும் என்றார். மறுபடி ஊதினேன். மார்பு எழுந்து தாழ்ந்தது. சான்றிதழ் வாங்கி 23 ஆண்டுகள் கழித்து, ஒரு மார்பு என் மூச்சால் எழுவதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

அங்கே பத்து நாட்களில் ஒரே வேலையை நூறு தடவை செய்ய வைத்தார்கள். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. வாய் வைக்கத் தயங்குபவர்களுக்காக ஆம்பு பை இருக்கிறது, முகத்தில் வைத்து அழுத்தினால் போதும். டென்மார்க்கில் 1950-களிலேயே கண்டுபிடித்த பொருள். 1989-ல் எங்கள் வண்டியில் குழாய்கள் இருந்தன, ஏணி இருந்தது, கடப்பாரை இருந்தது, கயிறு இருந்தது. அந்தப் பை இருந்திருந்தால் என் அருவருப்புக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

2010-ல் ஒரு கல்குவாரிக் குட்டையில் கல்லூரி மாணவர் ஒருவர் மூழ்கினார். நான் அப்போது பொறுப்பில் இருந்தேன். வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே வேலையைப் பிரித்துவிட்டேன். இரண்டு பேர் தண்ணீரில். ஒருவர் தலைமாட்டில் பையோடு. ஒருவர் மார்பில். இன்னொருவருக்கு ஒரே வேலை, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது. எதிர்பார்த்தபடியே "சுத்துங்கய்யா, தண்ணிய எடுங்கய்யா, சும்மா நெஞ்ச அமுக்கிட்டு இருக்கீங்களே" என்று கூச்சல். ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நாங்கள் நிறுத்தவில்லை. 108 வண்டி வரும்வரை, ஆள் மாற்றி ஆள், இருபத்தைந்து நிமிடம் செய்தோம். அந்த மாணவர் பிழைக்கவில்லை. தண்ணீரில் வெகுநேரம் இருந்துவிட்டார். அன்றிரவு நான் அழுதேன், ஆனால் தூங்கினேன். 1989-க்குப் பிறகு எத்தனை இரவுகள் தூங்காமல் கிடந்தேன் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்குப் பின், என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் வேறு நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த நான்கு வயதுக் குழந்தை. "அஞ்சாறு தடவ பைய அமுக்குனதும் இருமுச்சுங்கய்யா, அழுவ ஆரம்பிச்சிருச்சு" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் அறிக்கை எழுதுவோம். அழைப்பு வந்த நேரம், புறப்பட்ட நேரம், சென்றடைந்த நேரம், பயன்படுத்திய குழாய்களின் எண்ணிக்கை, சேதமான சொத்தின் மதிப்பு, காப்பாற்றிய சொத்தின் மதிப்பு. அந்தப் பையனுக்கான அறிக்கையையும் நான்தான் எழுதினேன். கிணற்றின் ஆழத்தை எழுதினேன், கயிற்றின் நீளத்தை எழுதினேன். மூச்சு எப்போது கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தார் என்று கேட்கும் கட்டம் அந்தத் தாளில் இல்லை. இருந்திருந்தால் "கொடுக்கப்படவில்லை" என்று என் கையால் எழுத வேண்டியிருந்திருக்கும். மறுநாள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். நிலையமே அதைப் பற்றிப் பேசியிருக்கும். பத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்காது.

தரநிலை என்றால் என்ன என்பது எனக்கு அந்தத் தாளை நினைக்கும்போதுதான் விளங்கியது. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 2001-ல் 1710 என்ற எண்ணில் ஒரு தரநிலையை வெளியிட்டது. அந்நாட்டில் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை மருத்துவ அழைப்புகள்தான். மூச்சு நின்றது, மார்பு வலிக்கிறது, மயங்கி விழுந்தார் என்று அழைத்தால் பல ஊர்களில் முதலில் வாசலுக்கு வருவது சிவப்பு வண்டி. காரணம் எளிது. ஆம்புலன்ஸைவிடத் தீயணைப்பு நிலையங்கள் அருகருகே இருக்கின்றன. அந்தத் தரநிலைப்படி மருத்துவ அழைப்பு வந்த 60 நொடிகளில் வண்டி புறப்பட வேண்டும். முதலுதவி தெரிந்த வீரரும் இதயத்துக்கு மின்னதிர்வு தரும் ஏஇடி கருவியும் நான்கு நிமிடப் பயணத்தில் சென்றடைய வேண்டும். பத்து அழைப்புகளில் ஒன்பதிலாவது இது நடந்திருக்க வேண்டும். நடந்ததா என்று கணக்கெடுக்க வேண்டும்.

அந்த நான்கு நிமிடத்தை அப்படியே இங்கே கேட்க நான் முட்டாள் இல்லை. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் எத்தனை ஊர்கள் கிடக்கின்றன என்று 37 ஆண்டுகள் வண்டியில் போய்ப் பார்த்தவன். சாலையைச் சுருக்க யாராலும் முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. உடலைத் தண்ணீரிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்துக்குள் முதல் மூச்சு. இதை ஒரு விதியாக எழுதி, அறிக்கைத் தாளில் அதற்கொரு கட்டம் போட்டால் போதும். அதற்குப் புது வண்டி தேவையில்லை, புதுக் கட்டடம் தேவையில்லை. வண்டிக்கு ஒரு ஆம்பு பை, பெரியவர் அளவிலும் குழந்தை அளவிலும். நிலையத்துக்கு ஒரு பொம்மை. ஏஇடி கருவிக்குச் செலவு அதிகம், ஆனாலும் ஒரு வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மாரடைப்பில் விழுந்தவருக்கு அதைவிட உதவும் பொருள் வேறில்லை.

பயிற்சி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சேரும்போது ஒருமுறை சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தருவதை நான் ஏற்கவில்லை. இந்தக் கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. குழாய் விரிப்பதையும் ஏணி ஏறுவதையும் தினமும் காலையில் பழகுகிறோமே, அதே மைதானத்தில் வாரம் ஒருநாள் பத்து நிமிடம் பொம்மையோடு உட்கார்ந்தால் என்ன? கூட்டம் கத்துவதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். பக்கத்தில் நாலு பேரை நிறுத்தி "தண்ணிய எடுங்க" என்று கத்தவிட்டுத்தான் நான் என் இளைஞர்களைப் பழக்கினேன். பொம்மையின் வாயில் கூழைத் தடவியும் பழக்கினேன். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் காரணத்தைச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அந்தப் பையனின் அப்பாவைப் பிறகு பல தடவை சந்தையில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கும்பிட்டார். ஒருமுறை இளநீர் வாங்கிக் கொடுத்தார். 2008-ல் பயிற்சி முடித்து வந்ததும் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். அதற்கு முந்தைய ஆண்டே அவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

2022-ல் ஓய்வு பெற்றேன். 1944-ல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர் கொடுத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. உங்கள் ஊர் நிலையத்து வீரர்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் வந்து, எரியும் எண்ணெய்ச் சட்டியை ஈரச் சாக்கால் மூடி அணைப்பது எப்படி என்று செய்துகாட்டுவார்கள். நீங்கள் அங்கே இருந்தால், மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பதையும் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். முடிந்தால் நீங்களும் மண்டியிட்டு ஒருமுறை ஊதிப் பாருங்கள். நிலையத்தில் அதற்கான பொம்மை இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதுங்கள்.